மின்சாரக் காரில் நெடும்பயணம்: மின்னேற்ற நிறுத்தங்களைத் திட்டமிடல்

மின்சாரக் காரில் வெளியூர் செல்வோர், வழியில் எங்கெங்கே நின்று, பேட்டரிக்கு எவ்வளவு மின்னேற்றம் செய்வது என்பதைப் புறப்படும் முன்பே கணக்கிட்டு வைத்துக்கொள்வது மின்னேற்ற நிறுத்தத் திட்டமிடல் ஆகும். நகருக்குள் ஓடும் காருக்கு இது தேவையில்லை. இரவில் வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் எடுத்துச் செல்லலாம். ஒரு முழு மின்னேற்றத்தில் போய்ச்சேர முடியாத ஊருக்குக் கிளம்பும்போதுதான் இந்தக் கணக்கு தேவைப்படுகிறது.

பெட்ரோல் காருக்கு இப்படி யாரும் கணக்குப் போடுவதில்லை. நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டருக்கு ஒரு பங்க் இருக்கும். ஐந்து நிமிடத்தில் டேங்க் நிறைந்துவிடும். மின்னேற்று நிலையங்கள் எண்ணிக்கையில் குறைவு, ஒவ்வொரு நிறுத்தமும் அரைமணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும், போய்ச்சேரும் நேரத்தில் நிலையம் வேலை செய்யாமலும் இருக்கலாம். இந்த மூன்றில் கடைசியானதே பெரிய சிக்கல். மற்ற இரண்டும் நேரத்தைத்தான் கெடுக்கும். மூன்றாவது, குழந்தைகளோடும் வயதானவர்களோடும் இருட்டில் சாலையோரம் நிற்க வைத்துவிடும்.

பெயரளவுத் தூரமும் பயன்படும் தூரமும்

பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட்-மணியில் குறிப்பிடுகிறார்கள். வீட்டு மின் கணக்கில் நாம் யூனிட் என்று சொல்வதும் இதுவே. ஆகவே 40 கிலோவாட்-மணி பேட்டரி என்றால் 40 யூனிட் கொள்ளும் தொட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் விற்கப்படும் கார்களின் தூர அளவு, மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி என்னும் ஆய்வுக்கூடச் சோதனை முறையில் அளக்கப்பட்டு வந்துள்ளது. அந்தச் சோதனையில் உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. மட்டுமே. சராசரி வேகம் 30 கி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். 2022இல் வெளிவந்த டாட்டா நெக்ஸான் இவி மேக்ஸ் 40.5 கிலோவாட்-மணி பேட்டரி கொண்டது. அதற்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 437 கி.மீ. அதாவது யூனிட்டுக்கு ஏறத்தாழ 10.8 கி.மீ. குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு நான்கு பேருடன் நெடுஞ்சாலையில் போனால், இந்த அளவுள்ள காருக்கு யூனிட்டுக்கு ஆறரை முதல் ஏழு கி.மீ. வரைதான் எதிர்பார்க்கலாம். விளம்பர எண்ணில் அறுபது விழுக்காட்டைச் சற்றே தாண்டும் அளவு இது.

அதையும் முழுமையாகப் பயன்படுத்த முடியாது. பேட்டரியைச் சுழி வரை இறக்கக் கூடாது என்பதால் அடியில் 20 விழுக்காட்டை இருப்பாக விட வேண்டும். வழியில் ஏற்றும்போது 80 விழுக்காட்டோடு நிறுத்துவது நல்லது. காரணம் கீழே வருகிறது. ஆக, வீட்டிலிருந்து முதல் நிறுத்தம் வரை 100இலிருந்து 20 வரையும், அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் 80இலிருந்து 20 வரையும்தான் நமக்குக் கையிருப்பு. 40 யூனிட் காரில் இது முதலில் 32 யூனிட், பிறகு 24 யூனிட். நூறு கி.மீ.க்கு 15 யூனிட் செலவு என்று கொண்டால் முதல் கட்டம் சுமார் 213 கி.மீ., அடுத்த கட்டங்கள் 160 கி.மீ. திட்டமிடுவோர் மனத்தில் இருத்த வேண்டிய எண்கள் இவையே. விற்பனையகத்தில் சொன்ன 400 சொச்சத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

செலவைக் கூட்டுபவை

வேகம்தான் முதல் காரணம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பது இயற்பியல் பாடம். 80இல் போன கார் 100இல் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது; காற்றின் எதிர்ப்போ 56 விழுக்காடு கூடுகிறது. பெட்ரோல் காரிலும் இது உண்டு, ஆனால் அங்கே எஞ்சினில் பெரும்பகுதி ஆற்றல் வெப்பமாக வீணாவதால் இந்த வேறுபாடு அவ்வளவு உறைப்பதில்லை. மின்மோட்டார் வீணாக்குவது மிகக் குறைவு. அதனால் வேகத்துக்கான செலவு அப்படியே திரையில் தெரிகிறது.

எதிர்காற்றும் வேகம் கூடுவதைப் போன்றதே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று காரை எதிர்த்து வரும். முப்பந்தலில் காற்றாலைகளை நட்டிருப்பதே அதற்காகத்தான். 80இல் போகும் காரை 30 கி.மீ. எதிர்காற்று தாக்கினால், காற்றின் எதிர்ப்பு 110இல் போவதற்கு ஒப்பாகிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்.

குளிரூட்டியைப் பற்றிப் பலரும் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். கார் ஓடும்போது அது மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் எடுக்கும். நெடுஞ்சாலையில் மொத்தச் செலவில் இது பத்தில் ஒரு பங்கு. ஊரை விட்டு வெளியேறும் முன் நெரிசலில் ஒரு மணி நேரம் சிக்கினால்தான், நகராமலேயே ஏழெட்டு கி.மீ. தூரத்துக்கான மின்சாரம் போயிருக்கும். மே மாத வெயிலில் பெரியவர்களை வைத்துக்கொண்டு குளிரூட்டியை அணைப்பதைவிட, வேகத்தைப் பத்து கி.மீ. குறைப்பதே அறிவுடைமை. மிச்சமும் அதில்தான் கூடுதல்.

80 விழுக்காட்டில் ஏன் நிறுத்த வேண்டும்

லித்தியம் அயனிப் பேட்டரியில் மின்னேற்றம் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி காலியாக இருக்கும்போது ஓடிவந்து ஆளுக்கோர் இருக்கையில் உட்கார்ந்துவிடுவார்கள். முக்கால் வண்டி நிறைந்தபின் ஏறுபவர், எங்கே இடம் இருக்கிறது என்று தேடி நகர வேண்டும். லித்தியம் அயனிகளும் எதிர்மின்முனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் இப்படித்தான் போய் அமர்கின்றன. நிறைந்த நேரத்தில் அவசரப்படுத்தினால், உள்ளே போக முடியாத லித்தியம் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுத்துவிடும். அதைத் தவிர்க்கவே 80ஐ நெருங்கும்போது காரின் கட்டுப்பாட்டு அமைப்பு தானாக வேகத்தைக் குறைக்கிறது. கடைசி 20 விழுக்காட்டை ஏற்ற, அதற்கு முன்னர் 60 விழுக்காடு ஏற்ற ஆன நேரத்தை ஒட்டி ஆகும் கார்களும் உண்டு.

எனவே ஓரிடத்தில் நூறு வரை காத்திருப்பதைவிட, இரண்டு இடங்களில் எண்பது வரை ஏற்றிக்கொள்வது விரைவு. பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் அது உதவி. இதற்கு ஒரு விலக்கு உண்டு: அடுத்த நிலையம் மிகத் தொலைவில் இருந்தால் நேரம் போனாலும் 90 வரை ஏற்றித்தான் ஆக வேண்டும்.

மின்னேற்றிகளின் வகைகள்

வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம். பேட்டரி ஏற்பது நேர்த்திசை மின்னோட்டம். மாற்றித் தரும் கருவி காருக்குள் இருந்தால் அது மெதுவான ஏசி மின்னேற்றம். கருவி நிலையத்தில் இருந்து, நேராகப் பேட்டரிக்கே செலுத்தினால் அது டிசி எனப்படும் விரைவு மின்னேற்றம். முதலாவது பெரும்பாலான கார்களில் 3.3 அல்லது 7.2 கிலோவாட் அளவில் நடக்கும். 40 யூனிட் பேட்டரியை நிரப்ப முதலாவதில் 12 மணி நேரத்துக்கு மேலும், இரண்டாவதில் ஆறு மணி நேரமும் ஆகும். ஆகையால் வழியில் நிற்க டிசி நிலையமே வேண்டும். இன்றைய கார்களுக்கு அதில் சிசிஎஸ்-2 என்ற வகை இணைப்பான் இருக்க வேண்டும். வரைபடத்தில் தெரியும் புள்ளிகளில் சில இருசக்கர வாகனங்களுக்கானவை, சில பழைய 15 கிலோவாட் வகை, சில ஓட்டல் வாசலில் உள்ள ஏசி செருகிகள். புள்ளியைத் தொட்டு வகையைப் பார்க்காமல் அதைத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது.

நிலையத்தில் எழுதியிருக்கும் கிலோவாட் முழுவதும் நம் காருக்குக் கிடைக்கும் என்றும் எண்ணக் கூடாது. 50 கிலோவாட் வரை மட்டும் ஏற்கும் கார், 120 கிலோவாட் நிலையத்திலும் 50தான் ஏற்கும். 60 கிலோவாட் நிலையத்தில் இரண்டு கன் இருந்து, பக்கத்தில் இன்னொரு காரும் நின்றால், பல இடங்களில் ஆளுக்கு 30ஆகப் பிரிந்துவிடும். கத்திரி வெயிலில் நெடுநேரம் ஓடி வந்த பேட்டரி சூடாக இருந்தால் அப்போதும் வேகம் குறையும். அரைமணி என்று கணக்கில் வந்தால் முக்கால் மணி என்று எழுதிக்கொள்வது சரியாக இருக்கும்.

எடுத்துக்காட்டு: சென்னையிலிருந்து மதுரை

சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கி.மீ. வழியில் விழுப்புரம் சுமார் 160ஆவது கி.மீ.யிலும், உளுந்தூர்ப்பேட்டை 200இலும், பெரம்பலூர் 270இலும், திருச்சி 325இலும் வருகின்றன. மேலே சொன்ன 40 யூனிட் கார், நூறு கி.மீ.க்கு 15 யூனிட் செலவு, புறப்படும்போது 100 விழுக்காடு என்று கொள்வோம். ஊர்ப் பெயர்கள் கணக்கை விளக்கவே தரப்பட்டுள்ளன. எந்த ஊரில் எந்த நிலையம் இயங்குகிறது என்பதைப் பயணத்துக்கு முன்தினம் செயலியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் கட்டத்தில் 213 கி.மீ. கையிருப்பு உள்ளதால் உளுந்தூர்ப்பேட்டை வரை போகலாம் என்று தோன்றும். போனால் 30 யூனிட் செலவாகி 25 விழுக்காட்டோடு சேருவோம். நிலையம் இயங்கினால் ஒரு குறையும் இல்லை. இயங்காவிட்டால்? அடுத்துள்ள பெரம்பலூருக்கு 70 கி.மீ.; அதற்கு 26 விழுக்காடு வேண்டும், இருப்பதோ 25. வந்த வழியே விழுப்புரத்துக்கு 40 கி.மீ. திரும்ப வேண்டியதுதான். இடையில் வேறொரு நிலையம் கண்ணில் படலாம், ஆனால் அதை நம்பிப் புறப்படுவது திட்டம் ஆகாது.

விழுப்புரத்திலேயே நின்றால் கதை வேறு. அங்கே சேரும்போது 40 விழுக்காடு இருக்கும். நிலையம் பழுது என்றால் உளுந்தூர்ப்பேட்டை 40 கி.மீ.தான். அதற்கு 15 விழுக்காடு போதும், 25 மிஞ்சும். ஒரு கட்டத்தில் எட்டக்கூடிய நிலையங்களில் கடைசியானதை விட்டுவிட்டு, அதற்கு முந்தையதில் நிற்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து கிடைக்கிறது. கடைசி நிலையம் மாற்றாகக் கையில் இருக்கும். பத்திருபது நிமிடம் கூடுதலாகச் செலவாகலாம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளலாம்.

தொடர்வோம். விழுப்புரத்தில் 40இலிருந்து 85 வரை 18 யூனிட் ஏற்றுகிறோம். சராசரி 40 கிலோவாட் கிடைத்தால் 27 நிமிடம். காலைச் சிற்றுண்டி முடிப்பதற்குள் ஏறிவிடும். அங்கிருந்து திருச்சி 165 கி.மீ., 62 விழுக்காடு செலவு, 23 மிச்சம். வழியில் பெரம்பலூரைத் தாண்டும்போது 44 விழுக்காடு இருக்க வேண்டும். அதைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால் திருச்சிக்குக் காத்திராமல் அங்கேயே நின்றுவிடலாம். திருச்சி பெரிய ஊர், ஒன்று இல்லாவிட்டால் இன்னொரு நிலையம் கிடைக்கும். எனவே அங்கே 23ஓடு சேர்வதில் தவறில்லை. 80 வரை ஏற்ற ஏறத்தாழ 23 யூனிட், 35 நிமிடம், மதிய உணவு. பிறகு மதுரை வரை 135 கி.மீ.க்கு 51 விழுக்காடு போக 29 மிஞ்சும்.

இரண்டு நிறுத்தங்கள், ஏறத்தாழ 41 யூனிட். ஒரே நிறுத்தத்தில் முடிக்க இந்தக் காரால் இயலாது. உளுந்தூர்ப்பேட்டையில் நூறு வரை ஏற்றினாலும் மிச்சமுள்ள 260 கி.மீ.க்கு 39 யூனிட் வேண்டும். ஒரே ஒரு யூனிட்டோடு மதுரைக்குள் நுழைவது வீரம் ஆகாது. 60 யூனிட் பேட்டரி உள்ள பெரிய கார், நூறு கி.மீ.க்கு 16 யூனிட் செலவானாலும் முதல் கட்டத்தில் 300 கி.மீ. போகும் என்பதால் அதற்குப் பெரம்பலூரை ஒட்டி ஒரு நிறுத்தம் போதும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது: ஊர், தூரம், அங்கே இருக்க வேண்டிய விழுக்காடு என்று மூன்றே கட்டம். முதல் 50 கி.மீ. முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 19 விழுக்காடு குறைந்திருந்தால் சரி. 23 குறைந்திருந்தால் அப்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்தத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். காரின் திரையில் தெரியும் மீதித் தூரத்தை நம்ப வேண்டாம். பல கார்களில் அது இதுவரை ஓட்டிய விதத்தை வைத்துச் சொல்லும் ஊகமே. நகருக்குள் மெதுவாக ஓட்டிய மறுநாள் அது தாராளமாகக் காட்டும், நெடுஞ்சாலை ஏறியதும் விறுவிறுவென இறங்கும். விழுக்காடு அப்படிக் குதிக்காது.

நிலையத்தைத் தேர்ந்தெடுத்தல்

நடுவண் மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 25 கி.மீ.க்கு ஒரு மின்னேற்று நிலையமாவது இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. நடைமுறையில் இடைவெளிகள் ஒரே சீராக இல்லை. பெருநகரங்களை ஒட்டி நெருக்கமாகவும் உட்பகுதிச் சாலைகளில் அரிதாகவும் இருக்கின்றன.

நிலையங்களைக் காட்டும் செயலிகள் பல. நிறுவனங்களின் சொந்தச் செயலிகள் போக, பயனர்களே குறிப்பெழுதும் பிளக்ஷேர் போன்றவையும், ஆற்றல் சிக்கன அமைப்பு 2022 டிசம்பரில் தொடங்கிய இவி யாத்ரா தளமும் உண்டு. இவற்றில் நிலையம் இருக்கிறதா என்று பார்ப்பது பாதி வேலை. கடைசியாக யார், எப்போது, வெற்றிகரமாக ஏற்றினார் என்று பார்ப்பதே மீதி. நேற்று ஒருவர் ஏற்றியிருந்தால் நம்பலாம். இரண்டு மாதமாக ஒரு குறிப்பும் இல்லையென்றால் அதை மாற்று நிலையமாகக்கூடக் கொள்ளாதீர்கள். தொலைபேசி எண் இருந்தால் ஒரு முறை கூப்பிட்டுக் கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. இரவில் பூட்டிவிடும் வளாகத்துக்குள் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

நான்குவழிச் சாலையில் நிலையம் எந்தப் பக்கம் என்பதைப் பார்க்க மறந்துவிடுகிறோம். எதிர்ப்பக்கத்தில் இருந்தால் திரும்பும் இடம் தேடிச் சில கி.மீ. போய், மீண்டும் அதே போல் வர வேண்டும். போகும் வழிக்கும் வரும் வழிக்கும் நிலையங்கள் வேறு வேறாகவே அமையும் என்று கொள்வது எளிது.

பெரும்பாலான நிலையங்களில் பணியாளர் இருக்கமாட்டார். செயலி வழியாகவே முன்பணம் கட்டி இயக்க வேண்டும். செயலியை வீட்டிலேயே நிறுவி, பதிவு செய்து, சிறு தொகை போட்டு வைத்திருக்க வேண்டும். கைப்பேசியில் சிக்னல் கிடைக்காத இடத்தில் ஓடிபி வரக் காத்து நிற்பது பெரியவர்களுக்கு மிகுந்த அலுப்பு. கட்டணம் நிலையத்துக்கு நிலையம் மாறும். அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. வீட்டு மின்சாரத்தைவிட இது பல மடங்கு கூடுதல் என்பதால், புறப்படும்போது வீட்டிலேயே நூறு வரை ஏற்றிக்கொள்வது நேரத்தோடு பணத்தையும் மிச்சப்படுத்தும்.

பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாட்களில் சென்னையிலிருந்து தெற்கே போகும் சாலையில் கணக்கெல்லாம் மாறிவிடும். முன்னால் இரண்டு கார் நின்றால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். அந்த நாட்களில் அதிகாலையில் கிளம்புவதும், எல்லாரும் நிற்கும் பெரிய உணவக வளாகத்தைத் தவிர்த்து ஊருக்குள் இருக்கும் நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதும் உதவும்.

மலைப்பாதை

ஏற்றத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள காரை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ அரை யூனிட் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் சுமார் 1,900 மீட்டர் உயர்வு. அதற்கு மட்டும் 9 யூனிட்டுக்கு மேல் போகும். ஐம்பது கி.மீ. ஓடும் செலவு இதற்கு மேல். வரைபடத்தில் ஐம்பது கி.மீ. என்று பார்த்து 20 விழுக்காடு போதும் என நினைப்பவர் குன்னூருக்கு முன்பே கவலைப்படத் தொடங்குவார். 40 யூனிட் காரில் மேட்டுப்பாளையத்தை விடும்போது குறைந்தது 65 விழுக்காடு இருக்கட்டும்.

இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக வேலை செய்து காரின் வேகத்தைக் கட்டுப்படுத்தி, மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஏறும்போது செலவான உயரத்துக்கான ஆற்றலில் பாதிக்கு மேல் இப்படி மீளும். ஆனால் உதகையில் இரவு முழுக்க ஏற்றி நூறோடு இறங்கத் தொடங்கினால், நிறைந்த பேட்டரியால் அதை ஏற்க முடியாது. மோட்டாரின் தடுப்பு கிடைக்காமல், கொண்டை ஊசி வளைவுகளில் சாதாரண பிரேக்கையே அழுத்தி அழுத்திச் சூடாக்க நேரும். மலையில் தங்குவோர் 80 வரை மட்டும் ஏற்றி இறங்குவது பாதுகாப்பானது.

சேருமிடத்து மின்சாரம்

திரும்பும் பயணம் சேர்ந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. உறவினர் வீட்டில் குளிரூட்டிக்கு உள்ளதைப் போன்ற 16 ஆம்பியர் செருகி இருந்தால், இரவு பத்து மணி நேரத்தில் 30 யூனிட் ஏறும், 200 கி.மீ.க்கு அது போதும். செருகிக்கு எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காரின் மின்னேற்றி பிழை காட்டி நின்றுவிடும். பழைய கிராமத்து வீடுகளில் இது அடிக்கடி நடப்பது. எலக்ட்ரீஷியனை முன்கூட்டியே வரவழைத்து எர்த்தையும் வயரின் பருமனையும் பார்க்கச் சொல்லலாம். சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போடக் கூடாது. பல மணி நேரம் 15 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் மெல்லிய வயர் உருகித் தீப்பிடிக்கலாம். விடுதியில் தங்குவதானால், சார்ஜிங் உண்டு என்று சொன்னால் போதாது. எத்தனை கிலோவாட், இரவில் அந்த இடத்தை ஒதுக்கித் தருவார்களா என்று கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

அளவு குறைந்துவிட்டால்

இவ்வளவுக்குப் பிறகும் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் நிலை வரலாம். அப்போது வேகத்தை 50க்குக் குறைத்து இடது ஓரமாகப் போனால், அதே மின்சாரத்தில் கணிசமாகக் கூடுதல் தூரம் கிடைக்கும். மிகக் குறைந்த அளவில் கார் தானாகவே மோட்டாரின் திறனைக் கட்டுப்படுத்தும். அது பழுது ஆகாது. அருகில் டிசி நிலையம் இல்லையென்றால் ஏசி செருகி உள்ள ஓட்டலோ பணிமனையோ தேடலாம். 3.3 கிலோவாட்டில் ஒரு மணி நேரம் ஏற்றினால் 20 கி.மீ. கிடைக்கும். நின்றே போய்விட்டால் கயிறு கட்டி இழுக்க விடக் கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சேர்ந்து சுழன்று மின்சாரத்தை உண்டாக்கிக் கெடுதல் செய்யும். நான்கு சக்கரமும் தரையில் படாதபடி காரைத் தூக்கி ஏற்றிச் செல்லும் வண்டியையே அழைக்க வேண்டும். காப்பீட்டிலோ கார் நிறுவனத்தின் சாலை உதவித் திட்டத்திலோ அந்தச் சேவை சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை முன்பு சொன்ன தாளின் அடியில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.